தியேட்டர் திரையில் வீடியோ கேம்: நெல்லைப் பக்கத்து நண்பர்கள் கேட்ட கேள்விகள்

பாளையங்கோட்டை, அம்பை, தென்காசி என்று சுற்று வட்டாரத்தில் தியேட்டரைக் காலை நேரத்தில் வாடகைக்கு எடுத்து, நண்பர்கள் கூடி அந்தப் பெரிய திரையில் கேம் விளையாடுவது எங்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறை போட்டோ போட்டதும் போன் வரும். "அண்ணே, அது எப்படிப் பண்ணீங்க?" என்று தொடங்கி, ஏறக்குறைய அதே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டிலேயே நல்ல டிவி இருக்கிறதே, தியேட்டர் எதற்கு?

படம் பெரிதாகத் தெரியும் என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம். 55 அங்குல டிவி சுமார் 4 அடி அகலம். அதை 6 அடி தள்ளி உட்கார்ந்து பார்த்தாலும், 50 அடித் திரையை 75 அடி தள்ளி உட்கார்ந்து பார்த்தாலும் கண்ணுக்குள் விழும் கோணம் ஒன்றுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. டிவி முன்னால் அந்தக் கோணம் இரண்டு மூன்று பேருக்குத்தான் கிடைக்கும். தியேட்டரில் இருநூறு பேருக்குக் கிடைக்கும். எங்கள் ஊரில் அம்மன் கோயில் கொடையை ஒட்டி ராத்திரியில் லைட் போட்டுக் கபடி நடக்கும். ஆடுவது பதினாலு பேர், ஆனால் கோட்டுக்கு வெளியே நிற்கிற கூட்டம்தான் அந்த ஆட்டத்தையே தூக்கிப் பிடிக்கும். "பிடி, விடாதே" என்று ஒரு குரல் கிளம்பினால் பாடிப் போகிறவன் கால் தானாகப் பின்வாங்கும். பெரிய திரையில் நான்கு பேர் கண்ட்ரோலர் பிடித்திருக்க, அறுபது பேர் பின்னால் கத்தும்போது எனக்கு அந்தக் கபடிக் களம்தான் நினைவுக்கு வருகிறது. அதற்காகத்தான் நான் இதைச் செய்கிறேன். கீழே சொல்லப்போகிற பல முடிவுகளும் இந்த எண்ணத்திலிருந்து வந்தவை.

மல்டிபிளெக்ஸில் கேட்பதா, பழைய தியேட்டரில் கேட்பதா?

முதலில் உங்கள் ஊர்ப் பழைய தியேட்டரில் கேளுங்கள். இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு.

ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் 2002-ல் கூடி டிசிஐ என்ற அமைப்பைத் தொடங்கி, டிஜிட்டல் சினிமாவுக்கான விதிகளை 2005-ல் வெளியிட்டன. அந்த விதிப்படி செய்யப்பட்ட புரொஜெக்டர்கள் பூட்டுப் போட்ட பெட்டி மாதிரி. படம் சர்வரிலிருந்து மறையாக்கப்பட்டு வரும், புரொஜெக்டர் அதைத் திறந்து காட்டும். வெளியிலிருந்து ஒரு கருவியை இணைக்கத் தனி வழி வேண்டும். சில புதிய சர்வர்களில் ஹெச்டிஎம்ஐ துளை இருக்கிறது. பழையவற்றில் டிவிஐ என்ற பழைய வகைத் துளை வழியாகவோ, நடுவில் ஒரு ஸ்கேலர் பெட்டி (படத்தின் அளவை மாற்றிக் கொடுப்பது) வைத்தோதான் கொடுக்க முடியும்.

நம் ஊர்ச் சின்னத் தியேட்டர்கள் பலவற்றில் சாட்டிலைட் வழியாகப் படம் வரும் எளிய டிஜிட்டல் ஏற்பாடு வந்தது. அங்கே இருப்பது பெரும்பாலும் ஆடிட்டோரியத்தில் வைக்கிற வகைப் பெரிய புரொஜெக்டர். அதன் முதுகில் ஹெச்டிஎம்ஐ, டிவிஐ, விஜிஏ என்று துளைகள் வரிசையாக இருக்கும். கேம் விளையாட அதுதான் வசதி. தவிர, முதலாளி அங்கேயே டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நேரில் போய், "அண்ணாச்சி, செவ்வாய்க்கிழமை காலையில ரெண்டு மணி நேரம் வேணும்" என்று பேசலாம். மல்டிபிளெக்ஸில் மேனேஜர், அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே சென்னையில் ஒருவர் என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஹெச்டிஎம்ஐ வயரைச் செருகினால் படம் வந்துவிடுமா?

சில சமயம் வரும். வராமல் போக மூன்று காரணங்கள் உண்டு. மூன்றையும் நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

ஒன்று, வயரின் நீளம். சாதாரணச் செம்பு ஹெச்டிஎம்ஐ வயர் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் தடுமாறும். 30 மீட்டர் வேண்டுமென்றால் ஆக்டிவ் ஆப்டிகல் வகை வாங்க வேண்டும். அதற்கு ஒரு திசை உண்டு, கேம் பெட்டிப் பக்கம் ஒரு முனை, புரொஜெக்டர் பக்கம் ஒரு முனை என்று அச்சடித்தே இருக்கும். முதல் தடவை நாங்கள் புரொஜெக்டர் கேபினிலிருந்து நடைபாதை நெடுக வயரை இழுத்து, டேப் ஒட்டி முடித்த பிறகுதான் தலைகீழாகப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்தோம். நாற்பது பேர் காத்திருக்க, முழு வயரையும் திரும்பச் சுருட்டிப் போட்டோம். முனையைப் பார்த்துவிட்டு இழுங்கள். லேன் கேபிள் வழியாக அனுப்பும் ஹெச்டிபேஸ்டி என்ற பெட்டி ஜோடியும் இருக்கிறது, 100 மீட்டர் வரை போகும்.

இரண்டு, ஹெச்டிசிபி என்ற நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு. பழைய டிவிஐ துளை இந்தப் பூட்டைப் புரிந்துகொள்ளாவிட்டால் திரை வெறுமையாக நிற்கும். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் அமைப்புகளில் சிஸ்டம் பகுதிக்குப் போய் ஹெச்டிசிபியை அணைத்துவிடலாம். கேம் ஓடும். படம் பார்க்கிற ஆப்கள் மட்டும் ஓடாது.

மூன்று, சிக்னலின் அளவு. வீட்டு டிவிக்குப் பழகிய கேம் பெட்டி 4கே, 120 ஹெர்ட்ஸ், ஹெச்டிஆர் (வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் முறை) என்று எல்லாவற்றையும் அனுப்பப் பார்க்கும். வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே 1080பி, 60 ஹெர்ட்ஸ், ஹெச்டிஆர் இல்லை என்று வைத்துவிடுங்கள்.

1080பி போதுமா என்று உடனே அடுத்த கேள்வி வரும். 50 அடி அகலத்தில் 1920 புள்ளிகளைப் பரப்பினால் ஒரு புள்ளி சுமார் 8 மில்லிமீட்டர், ஒரு கொண்டைக்கடலை அளவு. முதல் வரிசையில் உட்கார்ந்தால் எண்ணலாம். 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கண் அதைப் பிரித்துப் பார்க்கத் திணறும். சினிமாவின் 2கே என்பதே 2048-க்கு 1080 தான். இத்தனை நாள் அதில்தான் படம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் பளிச்சென்று இருந்த கேம் அங்கே மங்கலாகத் தெரிகிறது. புரொஜெக்டர் பழுதா?

பழுது இல்லை. சினிமாத் திரையின் வெளிச்சத்துக்கு விதித்த அளவே 48 நிட்ஸ்தான் (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). வீட்டு டிவி முந்நூறைச் சாதாரணமாகத் தாண்டும். முழு இருட்டில் கண் பழகிவிடுவதால் 48 போதும். ஆனால் குகை, இரவு, பேய் வீடு என்று வருகிற கேம்களில் இருட்டு மூலைகள் மொத்தமாக மறைந்துபோகும். கேமுக்குள் இருக்கிற பிரைட்னஸ் அமைப்பை அங்கேயே, அந்தத் திரையிலேயே வைத்துச் சரிசெய்யுங்கள். அப்புறம் ஹாலின் கதவு. நம் ஊர் வெயிலில் பகல் பதினோரு மணிக்கு ஒருவர் டீ குடிக்கக் கதவைத் திறந்தால் பாதிப் படம் வெளுத்துவிடும். கதவுக்கு ஓர் ஆளைப் போடுங்கள்.

இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறதே?

கேம் 16-க்கு 9 வடிவம். தியேட்டர் திரை பெரும்பாலும் சினிமாஸ்கோப்புக்காக அகலமாகக் கட்டியது, 2.39-க்கு 1. உயரத்தை நிரப்பினால் பக்கத்தில் இடம் மிஞ்சத்தான் செய்யும். அப்படியே விடுங்கள். நிரப்புகிறேன் என்று லென்ஸைப் பெரிதாக்கினால் மேலும் கீழும் வெட்டுப்படும். உயிர் எவ்வளவு மிச்சம், ஸ்கோர் என்ன என்பதெல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

பட்டனை அழுத்தினால் கொஞ்சம் தாமதமாகத்தான் நகர்கிறது. ஏன்?

விளையாடுகிறவர்கள் கேட்கிற கேள்விகளில் இதுதான் கனமானது.

சினிமா நொடிக்கு 24 படம். அதில் ஒலியும் ஒளியும் சேர்ந்து வந்தால் போதும், இரண்டும் சேர்ந்து கொஞ்சம் தாமதித்தாலும் யாருக்கும் தெரியாது. கேமில் நொடிக்கு 60 படம், ஒரு படம் (ஃப்ரேம்) 16.7 மில்லிசெகண்ட். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் வேகமான குத்து 4 ஃப்ரேமில் வந்து விழும். நடுவில் வைக்கிற ஒவ்வொரு பெட்டியும் (ஸ்கேலர், ஒலி பிரிப்பான், புரொஜெக்டருக்குள் இருக்கும் பட மேம்பாட்டுச் சுற்று) ஒன்றிரண்டு ஃப்ரேமைச் சாப்பிட்டால் அந்தக் குத்து வந்து விழுந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

இதோடு ஒலி வேறு. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். தியேட்டரின் முக்கிய ஸ்பீக்கர்கள் திரைக்குப் பின்னால் இருக்கின்றன. திரையில் பொடிப்பொடியாகத் துளை போட்டிருப்பது அதற்காகத்தான். 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவர் காதுக்கு வர 58 மில்லிசெகண்ட், அதாவது மூன்றரை ஃப்ரேம். இதை எந்தக் கருவியாலும் குறைக்க முடியாது. ஒலியைக் கேட்டு அடிக்கிற தாள விளையாட்டுகள் பின் வரிசையில் சரிப்படாமல் போவது இதனால்தான். அந்த வகை கேமைத் தியேட்டருக்குக் கொண்டுவராதீர்கள்.

எவ்வளவு தாமதம் என்று அளக்க ஒரு சுலபமான வழி. செல்போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனை வையுங்கள். விரலும் திரையும் ஒரே காட்சியில் தெரியும்படி நின்று, பட்டனைத் தட்டச் சொல்லிப் படம்பிடியுங்கள். விரல் பட்டதிலிருந்து திரையில் அசைவு வரும் வரை எத்தனை படம் என்று எண்ணுங்கள். 24 என்றால் 100 மில்லிசெகண்ட். அதே அளவை முதலில் வீட்டு டிவியிலும் எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி. கூடுதலாக வந்தால் புரொஜெக்டர் மெனுவில் கீஸ்டோன் (படத்தின் கோணலைச் சரிசெய்வது), இரைச்சல் நீக்கம் போன்றவற்றை ஆபரேட்டரை அணைக்கச் சொல்லுங்கள். தேவையில்லாத பெட்டியைக் கழற்றுங்கள்.

சத்தம் தியேட்டர் ஸ்பீக்கரில் வருமா?

வரும். ஹெச்டிஎம்ஐயிலிருந்து ஒலியை மட்டும் பிரித்தெடுக்கும் சின்னப் பெட்டி வேண்டும். அதிலிருந்து ஆப்டிகல் வயரோ அனலாக் வயரோ சவுண்ட் ராக்கில் இருக்கிற பிராசஸருக்குப் போகும். பிராசஸர் 5.1 (ஆறு வழி ஒலி) வாங்கிக்கொண்டால் நல்லது, இல்லாவிட்டால் ஸ்டீரியோவே போதும். முதலில் வால்யூமை அடிமட்டத்தில் வைத்துத் தொடங்குங்கள். சினிமாவில் ஒலிக்கு ஓர் ஒழுங்கு வைத்துச் சேர்த்திருப்பார்கள். சில கேம்கள் தொடக்கப் பக்கத்திலிருந்தே முழுச் சத்தத்தில் இரையும். ஸ்பீக்கர் தியேட்டர்க்காரர் சொத்து.

கேம் பெட்டியைக் கேபினில் வைத்தால் கண்ட்ரோலர் எட்டுமா?

எட்டாது. புளூடூத் கண்ட்ரோலரைப் பத்து மீட்டருக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபின் சுவரும் நடுவில் இருக்கிறது. மனித உடம்பும் அந்த அலையை உறிஞ்சும், ஹால் நிறைந்தால் இன்னும் மோசம். அதனால் கேம் பெட்டியை விளையாடுகிறவர்கள் வரிசைக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலில் வையுங்கள், நீள வயர் மட்டும் கேபினுக்குப் போகட்டும். கேபினில் வைக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணம் சூடு. சித்திரை வைகாசியில் ஏசி இல்லாத கேபினில் புரொஜெக்டர் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள்.

என்ன கேம் போடலாம்?

ஒரே திரையை எல்லோரும் பார்த்தால் யாருக்கும் புரிய வேண்டும். இது ஒன்றுதான் நான் வைத்திருக்கிற அளவுகோல்.

கால்பந்து கேம் எப்போதும் நன்றாக ஓடும். 2023-ல் ஃபிஃபா என்ற பெயர் போய் ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி ஆனது, ஆட்டம் அதேதான். டெக்கன் 8 மாதிரி இருவர் சண்டை கேம்களில் கேமே தெரியாதவர்கூட யார் தோற்கிறார் என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார். தாமதம் மட்டும் குறைவாக இருக்க வேண்டும். மரியோ கார்ட் 8 டீலக்ஸில் திரையை நான்காகப் பிரித்து நான்கு பேர் ஓட்டலாம். வீட்டு டிவியில் அந்தக் கால் பங்கு தீப்பெட்டி மாதிரி இருக்கும். தியேட்டரிலோ ஒவ்வொரு கால் பங்கும் ஒரு வீட்டுச் சுவர் அளவு. திரை பிரிக்கிற கேம்களுக்காகவே தியேட்டர் கட்டியிருக்கிறார்களோ என்று தோன்றும். ஓவர்குக்ட் போட்டால் சமையல்கட்டில் நான்கு பேர் முட்டிக்கொள்வதைப் பார்த்து ஹால் முழுவதும் வழி சொல்லும்.

கிரிக்கெட் கேட்பார்கள். ஈஏ-வின் கிரிக்கெட் 07 கேமை பழைய கம்ப்யூட்டரில் விளையாடி வளர்ந்த தலைமுறை நாங்கள். அதை லேப்டாப்பில் கொண்டுபோய்ப் போட்டபோது முப்பதைத் தாண்டியவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பையன்களாகிவிட்டார்கள். படம் கரடுமுரடாகத்தான் இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

நீளமான கதை கேம்களைத் தனியாக ஒருவர் விளையாட, மற்றவர்கள் பார்ப்பது எங்களுக்கு ஒரு விதிவிலக்கோடு பெரும்பாலும் சரிவரவில்லை. அந்த விதிவிலக்கைக் கீழே சொல்கிறேன். எழுத்து பொடியாக இருக்கிற கேம்களும் வேண்டாம்.

தலை சுற்றுமா?

சிலருக்குச் சுற்றும். கதாபாத்திரத்தின் கண் வழியாகப் பார்க்கிற துப்பாக்கி கேம்களில், திரை பார்வையை முழுக்க நிரப்பும்போது உடம்பு அசையாமல் கண் மட்டும் ஓடுகிறது. அதனால் குமட்டல் வரும். முன் வரிசைகளைக் காலியாக விடுங்கள், நடு ஹாலுக்குப் பின்னால் உட்காருங்கள். வெளிச்சம் பளிச்பளிச்சென்று மின்னும் கேம்களில் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து உண்டு. கேம் தொடங்கும்போது வருகிற அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாமல் வாசித்துக் காட்டுங்கள். குழந்தைகளைக் கூட்டி வருகிற பெற்றோரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

செல்போன் கேமைப் போட முடியுமா? எங்கள் ஆட்கள் எல்லோரும் பிஜிஎம்ஐ (செல்போனில் ஆடும் துப்பாக்கி கேம்) தான்.

யுஎஸ்பி-சி வழியாகப் படத்தை வெளியே அனுப்பும் வசதி உங்கள் போனில் இருந்தால், சின்ன அடாப்டர் வாங்கி ஹெச்டிஎம்ஐயில் கொடுக்கலாம். எல்லாப் போனிலும் அது இல்லை. ஆனால் விளையாடுகிறவர் தன் போனைத்தான் பார்ப்பார், திரையைப் பார்க்க மாட்டார். பார்வையாளர்களுக்கு நன்றாக இருக்கும். வைஃபை வழியாக அனுப்புவதைத் தவிருங்கள், விட்டுவிட்டு வரும்.

வாடகை எவ்வளவு? டிக்கெட் போட்டு நடத்தலாமா?

வாடகை பேச்சில்தான் இருக்கிறது. புரொஜெக்டரில் எரிகிற செனான் விளக்கின் ஆயுளை மணிக்கணக்கில்தான் எண்ணுவார்கள், அது, ஏசிக்கான கரண்ட், ஆபரேட்டர், சுத்தம் செய்கிறவர் கூலி, இவ்வளவும் சேர்த்துத்தான் முதலாளி கணக்குப் போடுவார். புதுப்படம் வந்த வாரம் கேட்காதீர்கள். கூட்டமில்லாத வாரநாள் காலையில் கேட்டால் இறங்கி வருவார். தீபாவளி, பொங்கல் பக்கம் வாயே திறக்கக் கூடாது.

டிக்கெட் விஷயத்தில் கவனம் வேண்டும். நீங்கள் வாங்கிய கேம், சொந்த உபயோகத்துக்கு என்ற நிபந்தனையோடு வந்தது. காசு வாங்கிப் பொதுமக்களுக்குக் காட்டக் கேம் நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 1957 பதிப்புரிமைச் சட்டம் கேமுக்கும் பொருந்தும். கேப்காம், நின்டென்டோ போன்ற நிறுவனங்கள் சிறிய போட்டிகளுக்கு விதிமுறைகளை வெளியிட்டிருக்கின்றன, படித்துவிட்டு இறங்குங்கள். தியேட்டரும் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம், 1955-ன் கீழ் வாங்கிய உரிமத்தில் நடப்பது. முதலாளியை மாட்டிவிடுகிற மாதிரி போஸ்டர் ஒட்டக் கூடாது. நாங்கள் தெரிந்தவர்கள் மட்டும் கூடி வாடகையைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். பந்தயம் கட்டி விளையாடுவது அறவே கிடையாது.

நடுவில் கரண்ட் போனால்?

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தப் பகுதியில் என்று பேப்பரில் வரும், அதைப் பார்த்துத் தேதி வையுங்கள். ஜெனரேட்டர் இருந்தாலும் மாறுகிற சில நொடிகளில் கேம் பெட்டி அணைந்து, சேமித்தது கெட்டுப்போகலாம். ஒரு சின்ன யுபிஎஸ் கூட இருக்கட்டும். புரொஜெக்டர் விளக்கு அணைந்தால் ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

வேறு எங்கேயாவது இப்படிச் செய்கிறார்களா?

கொரோனா காலத்தில் தியேட்டர்கள் காற்று வாங்கியபோது, தென்கொரியாவின் சிஜிவி நிறுவனம் 2021 தொடக்கத்தில் ஹால்களைக் கேம் விளையாட வாடகைக்கு விட்டது. அமெரிக்காவில் மால்கோ தியேட்டர்களும் அதே சமயத்தில் செய்தன. கூட்டம் இல்லாத நேரத்தில் ஹால் சும்மா கிடப்பது நம் ஊர்த் தியேட்டர்களுக்குப் புதிதில்லையே. இங்கேயும் இதை ஒரு வழக்கமாக்கலாம் என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

எங்கள் ஊர்த் தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது. நாங்கள் என்ன செய்ய?

திரை கட்டுங்கள். கொடைக்குத் தெரு நடுவில் வெள்ளைத்துணி கட்டிப் படம் போட்ட காலம் எனக்கு நினைவிருக்கிறது. இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து, எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பியிருக்க, அப்படியே முழுப் படமும் பார்த்தார்கள். 4000, 5000 லூமன் புரொஜெக்டர் ஒன்று, பத்துப் பன்னிரண்டு அடித் துணி, நன்றாக இருட்டிய பிறகு ஆரம்பித்தால் போதும். துணியின் நான்கு மூலையையும் இழுத்துக் கட்டுங்கள். ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் சாரல் காற்று துணியைக் கப்பல் பாய் மாதிரி ஆக்கிவிடும். அந்த மாதங்களில் சுவரில் வெள்ளையடித்து விளையாடுவது மேல்.

வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப் போகலாமா? அவர்களுக்கு என்ன புரியும்?

மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான். "வெண்பா" என்று ஒரு கேம், டொரன்டோவில் இருக்கும் விசாய் கேம்ஸ் நிறுவனம் 2023-ல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை யூகித்து இட்லி, புட்டு என்று சமைக்க வேண்டும். 2024-ல் அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், ஒரு படம் பார்க்கிற நேரம்கூட இல்லை.

அதைப் போட்ட அன்று எங்கள் அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு ஆச்சி எல்லோரும் வந்திருந்தார்கள். கண்ட்ரோலர் என் தங்கை கையில். இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றாமல் அவள் தட்டை வைக்கப் போனபோது ஆச்சி எழுந்து நின்று, "ஏளா, தண்ணி ஊத்தாம வச்சா அடிபிடிச்சிரும்லா!" என்று அந்தப் பெரிய இருட்டுக்குள் சத்தம் போட்டார். பிறகு ஒவ்வொரு படியையும் ஹாலே சேர்ந்து சொன்னது. மகன் வளர்ந்து அம்மாவை விட்டு விலகுகிற பகுதி வந்தபோது ஒருவரும் பேசவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் எங்கள் தெருவிலேயே நாலைந்து உண்டு.

ஆபரேட்டருக்குத் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டுமா?

கொடுக்க வேண்டும், அதுவும் தொடங்கும் முன்பே. அவர் இல்லாமல் ஒரு வயரும் நகராது. முந்தைய நாள் கடைசி ஆட்டம் முடிந்ததும் போய் அவரோடு சேர்ந்து ஒருமுறை எல்லாவற்றையும் இணைத்துப் பாருங்கள். எங்களோடு இருந்தவர் முப்பது வருடம் பிலிம் பெட்டி தூக்கியவர். நாங்கள் விளையாடும்போதெல்லாம் கேபின் ஓட்டை வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவைதான் கீழே கூப்பிட்டுக் கண்ட்ரோலரைக் கொடுத்தோம். கார் பந்தயத்தில் கடைசியாக வந்தார். "இன்னொரு ரவுண்டு போடுங்க" என்றார். போட்டோம்.